ஹீட்டர் இல்லாத தொட்டி, மங்கலான விளக்கு: தரையை மூடும் செடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உதகை, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை ஊர்களிலும், லண்டன், டொரொண்டோ போன்ற குளிர்நாட்டு நகரங்களிலும் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே தொட்டியை மனத்தில் வைத்திருக்கிறேன். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம், ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர். ஹீட்டர் கிடையாது, கார்பன் டை ஆக்சைடு உருளையும் கிடையாது. தொட்டியோடு சேர்த்துக் கொடுத்த சாதாரண எல்.இ.டி. விளக்குதான் ஒளி. தண்ணீரின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி 16 முதல் 22 டிகிரி செல்சியஸ். தரையை மூடிப் படரும் செடிகளைக் கடைக்காரர்கள் ‘கார்ப்பெட் செடி’ என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முழுவதும் படிக்க நேரமில்லை. என்ன வாங்கட்டும்?

மார்சிலியா ஹிர்சுட்டா. கிடைக்காவிட்டால் குட்டை சாஜிட்டேரியா. மணலே வேண்டாம், வெறும் கல் போதும் என்பவர்களுக்கு, கல்லில் ஒட்டி வளரும் ஜாவா மாஸ். கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் ‘கியூபா’ என்று பெயர் எழுதிய செடிக் கோப்பையைத் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குளிர் ஒரு பக்கம், குறைந்த ஒளி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் எதுவும் வளராது என்கிறார்களே?

தவறு. குளிர் இந்த விஷயத்தில் பாதி நண்பன்.

செடி ஒளியைக்கொண்டு சர்க்கரை செய்கிறது. அதுதான் அதன் வரவு. இரவும் பகலும் சுவாசித்து அந்தச் சர்க்கரையையே எரிக்கிறது; அது செலவு. வரவு கொஞ்சமாவது மிஞ்சினால்தான் புது இலை வரும். விளக்கு மங்கலாக இருக்கும்போது வரவைத் தீர்மானிப்பது ஒளியின் அளவுதான். தண்ணீர் சில டிகிரி குளிர்ந்தாலும் வரவு பெரிதாகக் குறைவதில்லை. செலவு அப்படியல்ல. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் சுவாசம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. ஆகவே 28 டிகிரியில் ஒரு மங்கலான விளக்கின் கீழ் மெல்ல மெல்லச் செத்துப்போகும் செடி, 18 டிகிரியில் அதே விளக்கின் கீழ் உயிரோடு இருக்கும். சென்னை நண்பரின் தொட்டியில் தோற்ற செடி குன்னூரில் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிறு லாபமும் உண்டு. குளிர்ந்த நீரில் வாயுக்கள் கூடுதலாகக் கரையும். காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும். 15 டிகிரியில் 0.8. உருளை வைத்து ஊட்டுபவர்கள் 20, 30 மில்லிகிராம் வரை ஏற்றுகிறார்கள் என்பதால் இதைப் பெரிய தொகையாக நினைக்க வேண்டாம். ஆனாலும் லாபம் லாபம்தான்.

நீங்கள் கொடுக்கும் விலை, வேகம். வெப்பமான தொட்டியில் ஆறு வாரத்தில் மூடும் தரை இங்கே ஆறு மாதம் எடுக்கும். அதோடு, ஒவ்வொரு செடிக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. வெப்பமண்டலச் செடிகள் பல 18 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும். இன்னும் இறங்கினால் இலை கண்ணாடிபோல ஆகி அழுகும். ஆகவே கேட்க வேண்டியது ‘குளிரில் வளருமா’ என்பதல்ல, ‘எந்த நாட்டுக் குளத்திலிருந்து வந்தது’ என்பது.

என் விளக்கு ‘குறைந்த ஒளி’தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளக்கின் பெட்டியில் லூமன் என்று ஓர் எண் இருக்கும். அதைத் தொட்டியின் லிட்டரால் வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் வந்தால் குறைந்த ஒளி. 20 முதல் 40 நடுத்தரம். அதற்கு மேல் அதிகம். 60 லிட்டருக்கு 600 முதல் 1,200 லூமன் விளக்கு இருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான். செடி பயன்படுத்தும் ஒளியை அளக்கும் ‘பார்’ (PAR) மானி வைத்திருப்பவர்கள் தரைமட்டத்தில் அளந்தால் சதுர மீட்டருக்கு வினாடிக்கு 15 முதல் 30 மைக்ரோமோல் காட்டும்.

வாட் கணக்கை மறந்துவிடுங்கள். அது குழல்விளக்குக் காலத்தது. அதைவிட முக்கியம், விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் மூடிக் கண்ணாடி. அதில் படியும் உப்புப் பொருக்கு ஒளியில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். புது விளக்கு வாங்கும் முன் பழைய கண்ணாடியை வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். மேலே மிதக்கும் செடிகள் இருந்தால் அவற்றையும் பாதியாகக் குறையுங்கள். மிதப்பது உண்டு கொழுக்கும், தரையில் இருப்பது பட்டினி கிடக்கும்.

படங்களில் பார்க்கிறோமே, நுண்ணிய இலைகளோடு பச்சைப் பசேலென்று தரை முழுக்க... அது வராதா?

வராது. அந்தப் படங்களின் அழகியலை உலகுக்குப் பழக்கியவர் ஜப்பானின் நீர்த்தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ. அவருடைய தொட்டிகளில் கடும் ஒளியும் கார்பன் டை ஆக்சைடு ஊட்டமும் இருந்தன. மிதந்து வாழும் ரிக்சியாவைக் கல்லில் கட்டி நீருக்குள் அமிழ்த்தி, குமிழ் முத்துக்கள் அரும்பும் மெத்தையாகக் காட்டினார். உங்கள் விளக்கின் கீழ் அதே ரிக்சியா, அடிப்பாகம் பழுத்து, நூலிலிருந்து கழன்று, மேற்பரப்புக்குப் போய் நிம்மதியாக மிதக்கும்.

‘எச்.சி. கியூபா’ என்று விற்கப்படும் ஹெமியாந்தஸ், மான்டே கார்லோ, குளோசோஸ்டிக்மா ஆகிய மூன்றும் ஒரே குணம் கொண்டவை. ஒளி தாராளமாகக் கிடைக்கும்போது மட்டுமே தண்டு தரையோடு படுத்துப் படரும். ஒளி குறைந்தால் தண்டு அதைத் தேடி மேலே எழும். கணுக்களின் இடைவெளி நீளும். கடைசியில் கம்பளம் அல்ல, கலைந்த தலைமுடிதான் மிஞ்சும். குளோசோஸ்டிக்மா ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதிச் செடி. குளிரை நன்றாகவே தாங்கும். ஆனால் மங்கல் ஒளியைத் தாங்காது. குளிர் தாங்குவதும் இருள் தாங்குவதும் வேறு வேறு திறமைகள். கடைகளில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி ‘எளிதான செடி’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

மங்கலான தொட்டிக்கு வேண்டியவை வேறு மாதிரியானவை: தண்டை மேலே நீட்டாமல், மணலுக்குள் அல்லது மணல்மேல் ஓடுதண்டு விட்டு, அங்கங்கே புதுக் கன்று போடுபவை. அல்லது வேரூன்றாமல் ஒட்டிப் படரும் மாஸ் வகைகள்.

மார்சிலியாவுக்கு ஏன் முதலிடம்?

அது எதைப் பற்றியும் முறையிடுவதில்லை. மார்சிலியா ஹிர்சுட்டா ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெரணி. பூவும் விதையும் கிடையாது; மணலுக்கடியில் தண்டு ஓடி, கணுவுக்குக் கணு இலை விடும். கடையில் வாங்கும்போது நான்கு இலைத்துண்டுகளோடு இருக்கும். தண்ணீருக்குள் சில வாரம் இருந்ததும் அந்த இலைகள் போய், ஒற்றைத் துண்டாக, சின்னக் கரண்டிபோல் புது இலைகள் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் கடைக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள். வேண்டாம், அதுதான் நீருக்குள் வாழும் அதன் வடிவம்.

கார்பன் டை ஆக்சைடு கேட்காது, கடின நீரா மென்னீரா என்று பார்க்காது, 18 டிகிரியிலும் நகர்ந்துகொண்டிருக்கும். மங்கல் ஒளியில் இலைக்காம்பு சற்று நீளும், 5 செ.மீ., சில நேரம் 8 செ.மீ. கூட வரலாம். ஆனால் படர்வதை நிறுத்தாது. முதல் இரண்டு மாதம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வேலை மணலுக்கடியில் நடக்கிறது. பிடுங்கிப் பார்க்காதீர்கள்.

மார்சிலியா என்றால் நம் ஆரைக்கீரைதானே? வயலிலிருந்து பிடுங்கி நடலாமா?

உறவுதான். நம் வயல்களிலும் குளக்கரைகளிலும் நாலிலையாக நிற்கும் ஆரையும் மார்சிலியா இனமே. தொட்டியில் உயிரோடும் இருக்கும். சிக்கல் அதன் பழக்கத்தில்: ஆழம் கூடினால் இலைக்காம்பை நீட்டி, இலையை நீர்மட்டத்தில் மிதக்கவிடுவது அதன் இயல்பு. 36 செ.மீ. உயரத் தொட்டி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தரையை மூடுவதற்குப் பதில் மேலே குடை விரிக்கும், தரை இன்னும் இருட்டாகும்.

இரண்டாவது காரணம் பூச்சிமருந்து. நெல் வயலில் தெளித்தது செடியோடு வந்தால் முதலில் சாவது இறால்கள்தான். ஆரையைக் கூட்டாகச் சமைப்பது நல்லது. தொட்டிக்குக் குட்டை வகையை வாங்குங்கள்.

சாஜிட்டேரியா எவ்வளவு ‘குட்டை’?

பெயரில் இருக்கும் குட்டை எப்போதும் இலையில் இருக்காது. சாஜிட்டேரியா சுபுலேட்டா அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குக் கரையோரம், ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் செடி. அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் வரை காணப்படுவதால் குளிரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடின நீரிலும் செழிக்கும். லண்டன் குழாய்நீர் இதற்கு விருந்து. ஓடுதண்டு விடுவதில் மார்சிலியாவைவிட வேகம். சில மாதங்களில் முன்பகுதி நிரம்பிவிடும்.

குறை உயரம். நெருக்கமும் ஒளியும் கூடினால் 8 முதல் 10 செ.மீ. உயரத்தில் நிற்கும், மங்கலில், தனித்து நிற்கும்போது, 20 செ.மீ. வரைகூடப் போகும். அகலம் 30 செ.மீ. மட்டுமே உள்ள தொட்டியில் அது புல்வெளியாகத் தெரியாது, கோரைக்காடாகத்தான் தெரியும். எனக்கு அந்தத் தோற்றம் பிடிக்கும். மீன்களுக்கும் பிடிக்கும். நீண்டுவிட்ட இலைகளை நுனியில் வெட்டாமல் அடியோடு எடுத்துவிடுங்கள்; வெட்டிய நுனி பழுத்து அசிங்கமாக நிற்கும். புது இலைகள் வெளிறி மஞ்சளாக வந்தால் இரும்புச்சத்துக் குறைவு. வேர் அருகே ஓர் உரமாத்திரை போதும்.

ஹேர்கிராஸ்?

எலியோகாரிஸ் அசிகுலாரிஸ், கோரைக் குடும்பத்தின் மிக மெல்லிய உறுப்பினர். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று குளிர்நாட்டு ஏரிக்கரைகளில் இயல்பாக வளர்வது. ஆகவே உதகையின் ஜனவரி அதை ஒன்றும் செய்யாது. ஒளிதான் கேள்வி. லிட்டருக்கு 20 லூமனை ஒட்டி இருந்தால் முயலலாம். 10 என்றால் இழை இழையாக நீண்டு, இழைப்பாசி பிடித்து, எது செடி எது பாசி என்று பிரிக்க முடியாமல் போகும். இதன் மெல்லிய இழைகளில் பாசி ஏறினால் துடைக்க வழியில்லை. முடிந்தால் விளக்குக்கு நேர் கீழே, நிழல் விழாத இடத்தில் மட்டும் நடுங்கள்.

லிலியாப்சிஸ் பற்றியும் சொல்லுங்களேன்.

கொத்தமல்லிக் குடும்பத்துச் செடி, பார்த்தால் புல். பிரேசில் பெயரோடு ஒன்று, மொரீஷியஸ் பெயரோடு ஒன்று, நியூசிலாந்துப் பெயரோடு ஒன்று எனக் கடைகளில் கிடைக்கும். குளிர்த் தொட்டிக்கு நியூசிலாந்து வகையே பொருத்தம். ஹேர்கிராஸைவிட ஒளி சற்றுக் குறைவாக இருந்தாலும் பொறுக்கும், ஆனால் வேர்பிடிக்க அநியாயத்துக்கு நேரம் எடுக்கும். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

கிரிப்டோகோரைன் பார்வா இலங்கைச் செடி என்கிறார்கள். நுவரெலியாவில் நன்றாக வருமல்லவா?

இலங்கையில் வளர்வதாலேயே நுவரெலியாவில் வளரும் என்று இல்லை. கிரிப்டோகோரைன் இனத்திலேயே மிகச் சிறியது பார்வா. இலங்கைக்கு மட்டுமே உரியது. அதன் சொந்த இடம் கண்டியை ஒட்டிய மகாவலிக் கரைகள். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர்; நுவரெலியா 1,868 மீட்டர். நடுவில் இருக்கும் உயர வித்தியாசம் அந்தச் செடிக்குப் பெரிது. 20 டிகிரிக்குக் கீழே பார்வா சாகாது, ஆனால் ஏறக்குறைய உறைந்துவிடும். வெப்பமான தொட்டியிலேயே மாதத்துக்கு ஓர் இலை, இரண்டு இலை என்று போகும் செடி அது. மற்ற கிரிப்டோகோரைன்களைவிட அதற்கு ஒளியும் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

அதே ஊர்ப் பக்கத்து வெண்டிட்டி, பெக்கெட்டி வகைகள் மங்கல் ஒளிக்கு எவ்வளவோ மேல். உயரம் 10 முதல் 15 செ.மீ. வரும் என்பதால் அவற்றைக் கார்ப்பெட் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் வெண்டிட்டியின் குட்டைப் பச்சை வகையை நெருக்கி நட்டு, தொட்டியின் உள்வெப்பம் 19, 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால், ஓர் ஆண்டு கழித்துத் தரை தெரியாது. வீட்டுக்குள் சூடாக்கி வைத்திருக்கும் லண்டன், டொரொண்டோக்காரர்களுக்கு இது நல்ல தேர்வு. சூடாக்கும் வழக்கமில்லாத உதகை வீடுகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மாஸ் கார்ப்பெட் எப்படிச் செய்வது? கல்லில் கட்டினால் பந்து பந்தாக வருகிறது.

கொத்தாகக் கட்டுவதால்தான் பந்து வருகிறது. துருப்பிடிக்காத எஃகு வலையை 10 செ.மீ. சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஜாவா மாஸைக் கத்தரிக்கோலால் 1 செ.மீ. அளவுக்கு நறுக்குங்கள். வலை கொஞ்சம் தெரியும்படி மெல்லிய படலமாகப் பரப்பி, மேலே இன்னொரு வலையையோ நைலான் நூலையோ குறுக்கும் நெடுக்குமாக ஓட்டிக் கட்டுங்கள். தடிமனாகப் பரப்பினால் அடியில் இருப்பது ஒளியின்றி அழுகும்; முழுப் படலமும் ஒரு நாள் பெயர்ந்து மிதக்கும். முன்பகுதி 60 செ.மீ.க்கு 20 செ.மீ. என்றால் 12 சதுரங்கள் போதும். சில மாதங்களில் விளிம்புகள் கலந்து ஒரே பரப்பாகிவிடும்.

இந்த முறையின் பெரிய வசதி, ஒவ்வொரு சதுரத்தையும் வெளியே எடுத்துக் கத்தரித்து, வாளித் தண்ணீரில் அலசி, திரும்ப வைக்கலாம். அலசாமல் விட்டால் மீன் கழிவு முழுவதும் மாஸுக்குள் இறங்கி, தரை பழுப்பாகிவிடும்.

ஜாவா மாஸ் 15 டிகிரியிலும் வளரும். 30க்கு மேல்தான் திணறும். கிறிஸ்துமஸ் மாஸ் அழகு கூடியது, வேகம் குறைந்தது. ஃபிஸ்ஸிடென்ஸ் ஃபோன்டானஸ் வட அமெரிக்க ஓடைகளுக்குரியது. குளிர்ந்த நீரில்தான் அதன் கரும்பச்சை முழுமையாக வரும், ஆனால் வலை முழுவதும் மூட ஓராண்டு கேட்கும். காசு இருந்து, காத்திருக்கவும் முடிந்தால் அதையே வாங்கச் சொல்வேன்.

மரிமோப் பந்தைப் பிரித்துப் பரப்பலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. மரிமோ மாஸ் அல்ல, உருண்டு வளரும் பச்சைப்பாசி. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் அகான் ஏரியின் மரிமோவை 1921ஆம் ஆண்டிலேயே அந்நாடு இயற்கைச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது. குளிர்ந்த ஏரியின் அடியில், மங்கல் ஒளியில் வாழ்வது அதன் பிறவிக்குணம். பந்தைக் கத்தரித்துத் தட்டையாக விரித்து, தட்டைக் கல்லில் நூலால் கட்டினால் கம்பளிபோல் இருக்கும். தானாகப் பரவும் என்று எதிர்பார்க்காதீர்கள். பந்தாக இருக்கும்போது ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் விட்டம் கூடினாலே பெரிது. மூட வேண்டிய பரப்பு முழுவதற்கும் முதலிலேயே வாங்கியாக வேண்டும். இன்னொன்று: 2021 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளில் விற்ற மரிமோக்களுக்குள் ஸீப்ரா மட்டி என்ற ஆக்கிரமிப்புச் சிப்பி இருந்தது தெரியவந்து பெரும் பரபரப்பானது. அங்கே வாழ்பவர்கள் பிழிந்து, பிரித்துப் பார்த்துவிட்டே தொட்டியில் போடுங்கள்.

அடியில் என்ன போடுவது? அக்வா சாயில் என்று விற்கும் விலையுயர்ந்த சத்து மண் அவசியமா?

இல்லை. மெதுவாக வளரும் செடிக்கு மெதுவான சாப்பாடு போதும். 1 முதல் 3 மி.மீ. பருமனுள்ள கழுவிய மணல், முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 6 செ.மீ. ஒரு சாண் இடைவெளியில் வேர் உரமாத்திரை, நான்கு மாதத்துக்கு ஒரு முறை. பெரிய கூழாங்கல்லில் ஓடுதண்டு வழி தேடி அலையும். மாவுபோன்ற மணல் இறுகிப்போகும். இரண்டையும் தவிருங்கள்.

புது அக்வா சாயில் முதல் வாரங்களில் மீனுக்கு நஞ்சான அமோனியாவை வெளிவிடும். குளிர்ந்த நீரில் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நாள் பிடிக்கும் என்பதால், இங்கே அது உதவியைவிட உபத்திரவம்.

எத்தனை செடி வேண்டும்? ஒரு கோப்பை போதாதா?

கணக்குப் போடுவோம். முன்பாதி மட்டும் மூட வேண்டும் என்றால் 60 செ.மீ.க்கு 15 செ.மீ. மூன்று செ.மீ.க்கு ஒரு நாற்று என்றால் நீளவாக்கில் 20, அகலவாக்கில் 5, ஆக 100 நாற்றுகள். ஒரு கோப்பை மார்சிலியாவைப் பொறுமையாகப் பிரித்தால் 20, 25 நாற்று தேறும். நான்கைந்து கோப்பை. வெப்பமான, ஒளிமிக்க தொட்டியில் ஒரு கோப்பையை நட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இங்கே காலியாகக் கிடக்கும் மணல் மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும், அங்கே பாசி குடியேறும். காசு குறைவென்றால் பரப்பைக் குறையுங்கள், நெருக்கத்தைக் குறைக்காதீர்கள்: ஒரு மூலையை அடர்த்தியாக நட்டு, அது ஓடத் தொடங்கியதும் அதிலிருந்தே எடுத்து அடுத்த மூலைக்கு.

சென்னை கொளத்தூர்க் கடைகளிலிருந்தோ வேறெங்கிருந்தோ மலைக்கு வரவழைப்பவர்கள் ஆய்வகத்தில் கூழில் வளர்த்த திசு வளர்ப்புக் கோப்பைகளைக் கேட்டு வாங்குங்கள். நத்தை முட்டை வராது, பயணத்தில் அழுகாது. கூழைக் குழாய்நீரில் முழுவதும் அலசி, நீளமான இடுக்கியால் சாய்வாகச் செருகுங்கள். நேராகச் செருகினால் இடுக்கியோடு சேர்ந்து வெளியே வரும்.

வளர்ச்சி மெதுவாக இருக்கிறது. விளக்கை 12 மணி நேரம் எரியவிடவா?

கூடாது. நேரத்தைக் கூட்டுவதால் மங்கல் ஒளி கடும் ஒளியாகிவிடாது, பாசிக்குத்தான் விருந்து. 7 அல்லது 8 மணி நேரம், டைமர் போட்டு, தினமும் ஒரே நேரத்தில். சன்னல் வெயிலை நேரடியாக விழவிடாதீர்கள்.

கார்பனைத் திரவமாகவே புட்டியில் விற்கிறார்களே?

அவற்றில் பெரும்பாலானவற்றின் சரக்கு குளூட்டரால்டிஹைடு. மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் அதே பொருள். பாசியைக் கொல்லும், உண்மை. மாஸ், ரிக்சியா போன்றவற்றையும் அளவு மீறினால் கரைத்துவிடும். மாஸ் கார்ப்பெட் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எந்த மீன்கள் இந்தத் தரையோடு ஒத்துப்போகும்?

முதல் தேர்வு வெண்முகில் மலை மீன். சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய பையுன் மலை ஓடைகளில் கண்டறியப்பட்டு 1932இல் அறிவியல் பெயர் பெற்றது; 16 முதல் 22 டிகிரி அதற்கு வீடு. வரிக்குதிரை மீனான ஸீப்ரா டேனியோவும் சரி. செர்ரி இறால் கட்டாயம் வேண்டும். மாஸுக்குள் புகுந்து பாசியையும் கழிவையும் பொறுக்கும். தரைமீன் ஆசை இருந்தால், தென் அமெரிக்காவின் குளிர்ப்பகுதியைச் சேர்ந்த கோரிடோராஸ் பலியேட்டஸ், ஆனால் செடி வேரூன்றிய பிறகு. முன்பே விட்டால் காலையில் எல்லா நாற்றும் மிதக்கும்.

தங்கமீன் வேண்டாம். குளிருக்கு ஏற்றதுதான், ஆனால் கார்ப்பெட்டை இரவு உணவாகவே பார்க்கும்; 60 லிட்டரும் அதற்குப் போதாது. எந்த மீனானாலும் அவசரப்படாதீர்கள். குளிர்நீரில் வடிகட்டி பழுக்க, அதாவது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெருக, இரண்டு மாதம்கூட ஆகலாம். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை செடிகள் மட்டும் இருக்கட்டும்.

நட்ட இரண்டு வாரத்தில் இலைகள் கரைகின்றன. பிடுங்கி எறியவா?

பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் தண்ணீருக்குள் பயன்படாது, செடியே கைவிட்டுவிடும். கிரிப்டோகோரைன் இதில் பேர்பெற்றது: ஒரே வாரத்தில் மொட்டையாகி, வேரிலிருந்து புதிதாகத் தொடங்கும். கரைந்ததைச் சைபன் குழாயால் உறிஞ்சி எடுங்கள். வேர் வெள்ளையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தால் தொடாதீர்கள். கருத்து நாறினால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 26 டிகிரிக்குப் போகிறது. ஆபத்தா?

மேலே சொன்ன செடிகளில் ஃபிஸ்ஸிடென்ஸும் மரிமோவும்தான் முகம் சுளிக்கும். மற்றவை கொஞ்சம் வேகமெடுக்கும். செலவு கூடும் காலம் என்பதால் மேலே மிதக்கும் செடிகளை அப்போது முழுவதும் எடுத்துவிட்டு, தரைக்கு ஒளி கொடுங்கள். மூடியைத் திறந்து சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். அதோடு வெண்முகில் மீன்களும் நிம்மதியாக இருக்கும்.

தரை நிறைந்து வழிகிறது. கத்தரித்த மிச்சத்தை ஓடையில் விடலாமா?

விடக்கூடாது. கிரிப்டோகோரைன் பெக்கெட்டி இலங்கைக்கு மட்டுமே உரிய செடி. அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆண்டு முழுவதும் 22 டிகிரியை ஒட்டியே இருக்கும் சான் மார்கோஸ் ஆற்றில் 1990களில் வேரூன்றியிருக்கக் காணப்பட்டது. தொட்டியிலிருந்து வந்திருக்கும் என்பதே ஊகம். அதே ஆற்றில் மட்டும் மிஞ்சியிருக்கும் டெக்சாஸ் காட்டரிசிப் புல்லுக்கு அது போட்டியாகிவிடும் என்று, ஆட்களை இறக்கிப் பிடுங்க வேண்டியதாயிற்று. நீலகிரி ஓடைகளிலும் தண்ணீர் குளிர்ச்சிதான், சாஜிட்டேரியாவுக்கு அது மிகவும் வசதி. மிச்சத்தை வெயிலில் இரண்டு நாள் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போடுங்கள். மார்சிலியா என்றால் காயவைக்க வேண்டாம், கடையில் கொடுத்தால் அடுத்த கோப்பைக்குத் தள்ளுபடி கிடைக்கும்.